வழி காட்டாதீர்கள், வழி சொல்லுங்கள்: டாட் ஹோவர்டுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டாட் ஹோவர்ட் அவர்களுக்கு,

வணக்கம். 2018 ஜூனில் ஒரு நிமிடம்கூட ஓடாத வீடியோவில் மலைகளையும் ஒரு கடற்கரையையும் காட்டிவிட்டு, நீங்கள் உருவாக்கும் வீடியோ கேம் தொடரின் அடுத்த கேம் வருகிறது என்று 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6' என்று எழுத்துப் போட்டீர்கள். அன்றிலிருந்து காத்திருக்கிறேன். அவசரப்படச் சொல்லவில்லை, நிதானமாகவே செய்யுங்கள். ஆனால் செய்து முடிப்பதற்குள் சில விஷயங்கள் உங்கள் காதுக்கு வந்துவிட வேண்டும் என்று ஆசை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கேம்களை நான் பின்னாலிருந்து முன்னால் ஆடியவன். முதலில் அந்தத் தொடரின் ஐந்தாவது கேமான ஸ்கைரிம். கல்லூரி விடுதியில் அறை நண்பனின் கணினியில், இரவு அவன் தூங்கிய பிறகு. செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது கை நமநமத்தது. வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பில் ஸ்கைரிம் ஓடாது. "மாரோவிண்ட் ஆடிப் பாருடா, அது எதுலயும் ஓடும்" என்றான் நண்பன். 2002இல் வந்த, அதே தொடரின் மூன்றாவது கேம். முகங்கள் மரத்தில் செதுக்கியது போல இருந்தன. யாரும் வாயைத் திறந்து அதிகம் பேசவில்லை, எல்லாமே எழுத்து. முதல் நாள் அரை மணி நேரத்தில் மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் அந்த மனிதர் வானத்திலிருந்து விழுந்தார்.

கேமில் செய்டா நீன் என்ற ஊரைத் தாண்டிப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஓர் அலறல். சுற்றிப் பார்த்தால் யாரும் இல்லை. அலறல் பெரிதாகிக்கொண்டே வந்து, என் கண்ணெதிரே ஒரு மந்திரவாதி தொப்பென்று தரையில் விழுந்து செத்துப்போனார். பெயர் டார்ஹியல். அவர் உடம்பில் ஒரு நாட்குறிப்பும் மூன்று மந்திரச் சுருள்களும் இருந்தன. சுருளைப் படித்தால் தாண்டும் திறன் ஆயிரம் புள்ளி கூடும், ஏழே வினாடிக்கு. படித்துவிட்டுத் தாவினேன். செய்டா நீன் காலடியில் சுருங்கி மூடுபனிக்குள் மறைந்தது. அந்தரத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே ஏழு வினாடியும் தீர்ந்தது. அவர் எப்படிச் செத்தார் என்று அப்போது புரிந்தது. தரையைத் தொடுவதற்குச் சற்று முன் இரண்டாவது சுருளைப் படித்தால் பிழைக்கலாம் என்பதை மூன்றாவது முயற்சியில் கண்டுபிடித்தேன். அன்று இரவு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டது எதுவும் என் காதில் விழவில்லை.

அந்த இடத்துக்குப் போ என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. அது ஒரு குவெஸ்ட்கூட, அதாவது கேம் கொடுக்கும் வேலைகூட இல்லை. திரையில் எந்த அம்புக்குறியும் அந்தப் பக்கம் காட்டவில்லை. நான் அந்த வழியாகப் போனேன், அது நடந்தது, அவ்வளவுதான்.

என் முதல் வேண்டுகோள், பிந்தைய கேம்களில் போக வேண்டிய இடத்தைத் திரையில் காட்டும் அந்த அம்புக்குறியைப் பற்றித்தான். சொல்லப்போனால் இந்தக் கடிதம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

மாரோவிண்டின் திட்டத் தலைவராக இருந்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாதது இல்லை. அதில் பால்மோரா என்ற ஊரில் ஹாஸ்ஃபாட் அன்டபோலிஸ் என்பவர், ஆர்க்ங்தாண்ட் என்ற பாழடைந்த இடத்திலிருந்து ஒரு புதிர்ப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்வார். வழியும் அவரே சொல்வார். மூன்மாத் கோட்டைப் பக்கம் போ, எரிமலைக் குழம்பு ஓடிக் காய்ந்த பள்ளத்தின் மேல் ட்வெமர் என்ற மறைந்துபோன இனத்தார் கட்டிய ஒரு பழைய பாலம் இருக்கும், அதைக் கடந்து மேலே ஏறு, கதவைத் திறக்க ஒரு கைப்பிடியைத் திருப்ப வேண்டும். எங்கள் ஊரில் யாரிடமாவது வழி கேட்டால் எப்படிச் சொல்வார்களோ அப்படியே இருந்தது. இதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு கிளம்பினேன். பாலத்தைப் பார்த்தபோது, அட, அவர் சொன்ன பாலம் இதுதான் என்று வந்த சந்தோஷத்தை இன்றுவரை வேறு எந்த கேமும் எனக்குத் தரவில்லை. உள்ளே போய் அந்தப் பெட்டியைத் தேடியதுதான் பெரிய பாடு. ஓர் அலமாரித் தட்டில் கையளவு பெட்டி, சுவரின் நிறத்திலேயே. மாரோவிண்ட் ஆடிய பலரும் அந்தப் பெட்டியைப் பற்றி இன்னும் புலம்புகிறார்கள். ஆனால் புலம்பும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள், ஒரு பெருமை தெரியும்.

2006இல் வந்த நான்காவது கேமான ஓப்ளிவியனில் திசைகாட்டிக்கு மேல் அம்புக்குறி வந்தது. ஏன் வந்தது என்று எனக்குப் புரிகிறது. அந்த கேமில் எல்லோருக்கும் குரல் கொடுத்தீர்கள். பேரரசராக நடிகர் பேட்ரிக் ஸ்டூவர்ட், அவர் மகன் மார்ட்டினாக நடிகர் ஷான் பீன். ஒவ்வொரு வரியையும் ஒருவர் பேசிப் பதிவு செய்ய வேண்டும் என்றால் வரிகள் குறையத்தான் செய்யும். முதலில் காணாமல் போனது வழி சொல்லும் வரிகள். பாலம், பள்ளம், ஒற்றை மரம் எல்லாம் பேச்சிலிருந்து போயின. அந்த இடத்தை ஓர் அம்பு நிரப்பியது.

ஸ்கைரிமில் அம்பைப் பின்தொடராமல் ஆடிப் பார்த்தேன். முடியவில்லை. குவெஸ்டை அணைத்துவிட்டால் அம்பு மறைகிறது, ஆனால் போக வேண்டிய இடம் எங்கே இருக்கிறது என்று பல நேரம் யாரும் சொல்வதில்லை. குறிப்பேட்டிலும் ஒரு வரிதான் இருக்கும். அதனால் அமைப்புகளில் 'மார்க்கர் வேண்டாம்' என்று ஒரு பொத்தான் வைத்தால் மட்டும் போதாது, டாட். அம்பு இல்லாமலும் போய்ச் சேர முடிகிற மாதிரி வசனங்களை எழுத வேண்டும். குரல் கொடுக்கச் செலவாகும் என்றால் எழுத்தாகக் கொடுங்கள். ஒரு துண்டுச் சீட்டு, கையால் வரைந்த ஒரு வரைபடம், விடுதிக்காரர் கிறுக்கிக் கொடுத்த நாலு வரி. படிக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் கேம்களில் கிடக்கும் நூற்றுக்கணக்கான புத்தகங்களை நாங்கள்தானே உட்கார்ந்து படித்தோம்.

சரி, எல்லோருக்கும் அவ்வளவு நேரம் இருக்காது. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் மட்டும் ஆடுகிறவர்கள் உண்டு. இப்போது நானே அப்படித்தான். அதற்கான விடையும் உங்களிடமே இருக்கிறது. ஸ்கைரிமில் கிளேர்வாயன்ஸ் என்று ஒரு மந்திரம் வைத்தீர்கள். அதைப் போட்டால் போக வேண்டிய பாதை நீலப் புகையாகத் தரையில் விரியும். எவ்வளவு அழகான யோசனை! அம்பு எப்போதும் இருந்ததால் அதை யாரும் தொடவில்லை. ஆறாவது கேமில் அம்பை எடுத்துவிட்டு அந்த மந்திரத்தை வையுங்கள். முதல் நாளே எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள், எவ்வளவு முறை வேண்டுமானாலும் போடட்டும். வழி தெரியாதவன் மந்திரம் போட்டுத் தெரிந்துகொள்கிறான் என்றால் அது கதைக்குள்ளேயே நடக்கிறது. திரையின் மேல் ஒட்டிய அம்பு கதைக்கு வெளியே நிற்கிறது.

அடுத்தது கேமில் நாம் சேரக்கூடிய சங்கங்கள். ஸ்கைரிமில் மந்திரவாதிகளின் வின்டர்ஹோல்டு கல்லூரிக்கு, நான் ஆடும் ஆள் போனபோது அவன் இரண்டு கைக் கோடரி வீசும் முரடன். வாசலில் ஒரே ஒரு மந்திரம் போட்டுக் காட்டினான். கொஞ்ச நாளில் அவனே கல்லூரியின் தலைமை மந்திரவாதி ஆகிவிட்டான். அந்த அங்கியைப் போட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கூச்சமாக இருந்தது. மாரோவிண்டில் பதவி உயர வேண்டுமென்றால் அந்தத் தொழிலில் திறன் இருக்க வேண்டும், இல்லையென்றால் மூஞ்சிக்கு நேரே மறுத்துவிடுவார்கள். ஹ்லாலு, ரெடோரன், டெல்வானி என்ற மூன்று பெரிய குலங்களில் ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டும் கதவைச் சாத்திவிடும். அந்தச் சாத்திய கதவுதான் என்னை இரண்டாவது முறை ஆட வைத்தது.

டெல்வானிகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவர்கள் காளான் கோபுரங்களில் வாழும் மந்திரவாதிகள். கோபுரத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் மேல்தளத்துக்குப் படிக்கட்டே இருக்காது. பறக்கத் தெரிந்தால் வா, தெரியாவிட்டால் உன்னோடு எனக்கு என்ன பேச்சு என்று அர்த்தம். ஒரு வார்த்தை பேசாமல், ஒரு கட்டடத்தை வைத்தே ஒரு கூட்டத்தின் திமிரைச் சொல்லிவிட்டீர்கள். ஓப்ளிவியனில் பறக்கும் மந்திரம் போய்விட்டது. நகரங்கள் சுவருக்குள் தனித் தனியாக லோடு ஆவதால், மேலே பறந்து எட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. காரணம் நியாயமானதுதான். 2012 டிசம்பரில் ஸ்கைரிமின் கூடுதல் பகுதியான டிராகன்பார்ன் வந்தபோது, அதில் நெலோத் என்ற டெல்வானி மந்திரவாதியின் காளான் கோபுரத்துக்கு ஓடினேன். உள்ளே போய் நின்றதும் ஏதோ ஒன்று என்னைத் தானாக மேலே தூக்கிக்கொண்டு போனது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் நான் எதையும் கற்றுக்கொண்டு அங்கே போகவில்லையே. இப்போது கணினிகளுக்குச் சக்தி இருக்கிறது. பறக்கும் மந்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள். மந்திரங்களை நாமே கலந்து செய்யும் மேசையையும் சேர்த்துக் கொடுங்கள், ஸ்கைரிமில் அது இல்லாமல் கை ஒடிந்த மாதிரி இருந்தது.

சாகாத மனிதர்கள் வேண்டாம். ஸ்கைரிமில் கதைக்கு வேண்டியவரை எத்தனை முறை வெட்டினாலும் மண்டியிட்டு மூச்சு வாங்கிவிட்டு எழுந்துவிடுகிறார். மாரோவிண்டில் முக்கியமான ஒருவரைக் கொன்றால், விதியின் இழை அறுந்துவிட்டது, சேமித்து வைத்த பழைய சேவுக்குத் திரும்பு, இல்லையென்றால் நீ கெடுத்த இந்த உலகத்திலேயே இரு என்று சொல்வீர்கள். அந்த இரண்டாவது வாய்ப்பைக் கொடுத்தீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்களைக் கும்பிட வேண்டும்.

எதிரிகளை என் லெவலோடு சேர்த்து ஏற்றாதீர்கள். ஓப்ளிவியனில் வழிப்பறிக் கொள்ளைக்காரன் விலையுயர்ந்த கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு சில்லறைக் காசு கேட்பான். ஸ்கைரிமில் இதைப் பெரும்பாலும் சரி செய்துவிட்டீர்கள். மீதியையும் செய்துவிடுங்கள்.

பழையதையே திருப்பிக் கேட்கிறான் என்று நினைத்துவிட வேண்டாம். குரல் வந்ததால் கிடைத்த நல்லதும் எனக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் ஓப்ளிவியனின் புதுப்பித்த பதிப்பான ரீமாஸ்டர் வந்ததும் முதலில் டார்க் பிரதர்ஹுட் என்ற கொலைகாரச் சங்கத்தில் சேர்ந்து, ஸ்கிங்ராடில் அந்த விருந்து வீட்டுக்குத்தான் போனேன். புதையல் இருக்கிறது என்று நம்பி வந்த ஐந்து விருந்தாளிகள், பூட்டிய வீடு, கொலைகாரன் நான். ஒவ்வொருவரிடமும் பேசி நம்ப வைத்து, அடுத்தவர் மேல் சந்தேகத்தைத் திருப்பி, ஒவ்வொருவராக முடிக்க வேண்டும். அங்கே எந்த அம்பும் எனக்குத் தேவைப்படவில்லை. ஒரு வீடு, ஐந்து பேர், அவர்களின் பேச்சு, போதும். இப்படி ஒன்றை ஓர் ஊர் முழுவதற்கும் எழுதுங்கள். போய் இன்னொரு குகையைக் காலி செய்துவிட்டு வா என்று முடிவில்லாமல் வரும் வேலைகளில் இருபதைத் தூக்கிவிட்டு இப்படி ஒன்றைக் கொடுத்தால் எனக்கு அதுவே லாபம்.

கடைசியாக ஒன்று, இதைக் கேட்க வேறு ஆள் எனக்கு இல்லை. மாரோவிண்டின் கணினிப் பதிப்போடு கேமை நாமே மாற்றியமைக்க உதவும் கருவியான கன்ஸ்ட்ரக்ஷன் செட்டையும் சேர்த்துக் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து ரசிகர்கள் உங்கள் உலகங்களைத் தங்கள் கையால் வளர்த்து வருகிறார்கள். ஸ்கைரிமைத் துருக்கி மொழியிலும் ஹங்கேரி மொழியிலும் பெயர்த்தவர்கள் ரசிகர்கள்தான். தமிழில் செய்ய நாங்கள் தயார். நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம், எழுத்து சரியாக விழுந்தால் போதும். 'கொ' என்று எழுதினால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் உட்கார வேண்டும். தமிழுக்கும் இந்திக்கும் அரபுக்கும் எழுத்துகள் ஒட்டி, இடம் மாறி வர வேண்டும். அதை கேமை இயக்கும் எஞ்சினிலேயே செய்துவைத்துவிட்டால் மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். என் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நான் மாரோவிண்ட் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பூச்சி மேல ஏறி எங்க போற?" என்று சில்ட் ஸ்டிரைடரைக் காட்டிக் கேட்பார். அவரே வழியைப் படித்து எனக்குச் சொல்லும்படி ஒரு கேம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அப்புறம், ஆறாவது கேமிலும் யாராவது ஒருவர் வானத்திலிருந்து விழட்டும். எங்கே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்