கீமோவுக்கு முன்னமே ஒரு விளக்கத் துண்டு தாருங்கள், தமிழில்

புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதப்போவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து போகிறவர்கள் நாங்கள். மார்புப் புற்றுநோயோடு எத்தனை இளம் பெண்கள் உங்கள் கிளினிக் வாங்கில்களில் காத்திருக்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் தங்கச்சிக்கு 31 வயது. கலியாணம் முடித்து இரண்டு வருடம், பிள்ளை இல்லை. சத்திரசிகிச்சையும் கீமோவும் முடிந்து இப்போது கதிர்வீச்சு. எங்கள் பேச்சில் சொன்னால் கறண்ட் பிடிக்கிறது. 15 நாள், மொத்தம் 40 கிரே. கிரே என்பது உடம்பு வாங்குகிற கதிரை அளக்கும் அலகு. மேசையில் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்க வேண்டும். மற்றக் கையை அவள் அடிவயிற்றில் வைத்திருப்பாள். எல்லோரும் வெளியே போய்க் கதவு பூட்டியதும் ஸ்பீக்கரில் குரல் வரும்: "கையை எடுங்கோ." எடுப்பாள். அடுத்த நாளும் இதே கதை. ஏன் பிள்ளை அங்கே கை வைக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் அவளே வாய் திறந்து, சூலகத்துக்கு ஏதும் ஆகுமா என்று கேட்டாள். கொப்பியிலிருந்து நிமிராமலே பதில் வந்தது: "முதல் உயிர் தப்பட்டும். பிள்ளையைப் பிறகு பாப்பம்."

ஒன்பதாம் நாளோடு போவதை நிறுத்திவிட்டாள். மூன்று நாள் அறைக்குள்ளேயே கிடந்தாள். சில்வர் தட்டு ஒன்றைத் துணியில் சுற்றி வயிற்றில் கட்டிக்கொண்டு போகலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அம்மா குசினிக்குள் போய் நின்று அழுதார்.

வெளிநாட்டில் மருத்துவப் பௌதிகம் படித்த ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர் போனில் பத்து நிமிடத்தில் விளக்கினார். கதிர் மார்புக்குத்தான் போகிறது. உடம்புக்குள்ளால் சிதறுவதும் மெஷினிலிருந்து கசிவதும் சேர்ந்து சூலகத்துக்குப் போவது பொதுவாக ஒரு கிரேயின் பத்தில் ஒரு பங்குகூட வராது. 30 வயதுப் பெண்ணின் சூலகம் அடியோடு நின்றுபோக 14 கிரே அளவில் வேண்டும். உள்ளால் சிதறி வருவதைத் தட்டு மறிக்கவும் மாட்டாது. கறண்ட் பிடிக்கிற நாட்களில் கர்ப்பம் தரிக்கக்கூடாது, அது வேறு விஷயம்.

அப்புறம் அவர் ஒன்று கேட்டார்: "கீமோவுக்கு முன்னம் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. சூலகத்தை உண்மையில் பதம்பார்ப்பது சைக்ளோபொஸ்பமைட் போன்ற கீமோ மருந்துகள்தானாம். முட்டையை எடுத்து உறையவைப்பதா, சூலகத்தை ஓய்வில் வைக்கும் கோசரெலின் ஊசி போடுவதா என்பதெல்லாம் முதல் கீமோ ஏறுவதற்கு முன்னமே பேசியிருக்க வேண்டியவை. அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது ஓர் ஆங்கிலப் படிவம். அதில் கையெழுத்து மட்டும் தமிழில் போடலாம். கை கழுவும் முறை உங்கள் சுவரில் மும்மொழியிலும் படத்தோடு இருக்கிறது. நாங்கள் கைகளை மிக நன்றாகக் கழுவுகிறோம், ஐயா.

சரி, கோபத்தை விட்டுவிட்டுக் கேட்கிறேன். நோயாளர் கூட்டமும் ஆள் பற்றாக்குறையும் எனக்கும் தெரியும். நான் கேட்பது புது மெஷின் இல்லை. பிள்ளை பெறும் வயதிலுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும், முதல் கீமோவுக்கு முன்னமே, ஒரு பக்கத் துண்டு, தமிழில். கீமோ சூலகத்தை என்ன செய்யும், கறண்ட் என்ன செய்யாது, யாரிடம் கேட்கலாம். இவ்வளவுதான். தயவுசெய்து அதைத் தாருங்கள்.

தங்கச்சி திங்கட்கிழமை திரும்ப வருகிறாள். இன்னும் ஆறு நாள் இருக்கிறது. போனில் அண்ணா சொன்னதை அவள் பாதிதான் நம்புகிறாள், நீங்கள் சொன்னால் நம்புவாள். அவள் கை வயிற்றில் இருந்தால், எடுக்கச் சொல்வதற்கு முன் யாராவது கிட்டப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அவளைக் கூட்டிக்கொண்டு வருகிற அக்கா