சுவருக்கு முன்னால் ஆசிரியர்: செட்டிநாட்டுக் கல்வி அறக்கட்டளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும், நகரத்தார் சங்கப் பெரியவர்களுக்கும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு ஊர்ப் பள்ளிகளுக்கு அள்ளிக் கொடுக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடிப் பக்கத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இலங்கையின் வடக்கில் போரில் சிதைந்த பள்ளிகளுக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு நம் பக்கத்தில் அவ்வப்போது எழுகிறது. உடனே கட்டடம் கட்டித் தரலாம் என்றுதான் பேச்சு போகிறது. நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி சுவருக்குப் போகாமல் ஆசிரியருக்குப் போக வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்களிடம் இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. உங்கள் முன்னோர் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொழும்புச் செட்டியார் தெருவில் இன்றும் கதிரேசன் கோயில் நிற்கிறது. போர் ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்பதும் செட்டிநாட்டுக்குத் தெரியாததில்லை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது, கணக்குப் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு காடு மலை தாண்டி நடந்தே வந்தவர்கள் இந்த ஊர்களில் இருந்தார்கள். போட்ட முதல் திரும்பவில்லை. அந்த இழப்பைக் கண்ணால் பார்த்த தலைமுறையில்தான் அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் என்பதை எல்லோரும் சொல்வோம். ஆசிரியர்களை உருவாக்கத் தனியாக ஒரு பயிற்சிக் கல்லூரியும் வைத்தார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் அவர் செய்த தர்மங்களில் அதற்கே முதலிடம் கொடுப்பேன்.

போர் முடிந்த நாடுகளைப் பாருங்கள். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் இயக்கத்தினர் படித்தவர்களையே குறிவைத்து அழித்தார்கள். ஆட்சி கவிழ்ந்து பள்ளி திறந்தபோது ஆசிரியர்களில் பெரும்பாலோர் இறந்திருந்தார்கள், அல்லது நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அதுகூடத் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் அந்த நாடு மறுபடி ஆரம்பித்தது. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகும் ஆசிரியர் பஞ்சம்தான். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களை உருவாக்க கிகாலியில் ஒரு கல்வி நிறுவனம் 1999இல்தான் வந்தது. அதுவரை அங்கே எட்டாவது, ஒன்பதாவது படித்த பிள்ளைகளின் பொழுது எப்படிப் போயிருக்கும் என்று யோசியுங்கள்.

கிழக்குத் திமோரின் கதை நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். இந்தோனேசியாவிடமிருந்து பிரிந்த நேரத்தில், 1999இல் நடந்த வன்முறையில் அங்கே பெரும்பாலான பள்ளிகள் எரிந்தோ இடிந்தோ போயின. உலக நாடுகள் உதவின, ஓரிரு ஆண்டுகளில் கூரைகள் திரும்பவும் ஏறின, பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். மேல் வகுப்புகளுக்குப் பாடம் நடத்திய இந்தோனேசியர்களோ கிளம்பிப் போயிருந்தார்கள். புதிய அரசு போர்த்துக்கீச மொழியில் கற்பிக்கச் சொன்னது. இருந்த ஆசிரியர்களில் பலர் இந்தோனேசிய மொழியில் படித்து வளர்ந்தவர்கள். தனக்கே பிடிபடாத மொழியில் ஒருவர் பாடம் நடத்த வேண்டிய நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

போஸ்னியாவில் சில ஊர்களில் ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளிகள் நடக்கின்றன. பொஸ்னியாக் பிள்ளைகளுக்கும் குரோவாட் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம், சில இடங்களில் தனித்தனி வாசல். கட்டடத்தில் ஒரு குறையும் இல்லை.

சரி, இலங்கையின் வடக்கில் போர் முடிந்த வன்னிப் பகுதிக்கு வருவோம். 2009 மே மாதம் போர் முடிந்தபோது ஏறத்தாழ 3 லட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள். அவற்றில் பெரியதான, வவுனியா பக்கத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. மக்கள் ஊர் திரும்பும்போது கண்ணிவெடி அகற்றிய பிறகே பள்ளி வளாகத்துக்குள் கால் வைக்க முடிந்தது. தகரக் கொட்டகையிலும் மரத்தடியிலும் வகுப்பு நடந்தது. அந்த நாட்களில் பள்ளிகளைத் தாங்கிப் பிடித்தவர்களில் தொண்டர் ஆசிரியர்கள் முக்கியமானவர்கள். போர் நடந்தபோதும் அதற்குப் பிறகும் சம்பளம் இல்லாமலோ சொற்பத் தொகைக்கோ பாடம் நடத்திய இளைஞர்கள், இளம்பெண்கள். நிரந்தர நியமனம் கேட்டு இவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. இதை நினைத்தால் ஒரு ஆசிரியனாக எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

கிளிநொச்சி, முல்லைத்தீவின் உள்கிராமப் பள்ளிகளில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு ஆள் கிடைப்பது இன்றும் பெரும்பாடு. நியமனம் கிடைத்தவரும் தங்க இடமில்லாமல் யாழ்ப்பாணத்திலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து போகிறார். களைத்துப் போய் எப்போது இடமாற்றம் கிடைக்கும் என்று காத்திருக்கிறார். அதனால், கட்டித்தான் தீருவது என்று நினைத்தால் ஆசிரியர் விடுதி கட்டுங்கள். நாலு அறை, தண்ணீர் வசதி, பெண் ஆசிரியர்களுக்குப் பாதுகாப்பான சுற்றுச்சுவர், அது போதும். ஒரு கணக்கு ஆசிரியர் ஐந்தாறு ஆண்டு அந்த ஊரிலேயே தங்கினால் சாதாரண தரத் தேர்வில் (நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்றது) எத்தனை பிள்ளைகள் கரையேறுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அரசு ஆசிரியருக்கு வெளியிலிருந்து நாம் சம்பளம் தர முடியாது. ஆனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் பல ஊர்களில் தொண்டர் ஆசிரியருக்குக் கைப்பணம் கொடுத்து வகுப்பை நடத்துகின்றன. வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தெரியப்படுத்தி அதற்குத் துணை நில்லுங்கள். ஒரு ஆண்டோடு விட்டுவிடாமல் பத்து ஆண்டுக்குச் சேர்த்து ஒப்புக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பாடநூல்களை மட்டும் அனுப்ப வேண்டாம். அங்கே பாடத்திட்டம் வேறு, அரசே 1980 முதல் பாடநூலை இலவசமாகத் தருகிறது. கதைப் புத்தகங்களும் ஆய்வுக்கூடப் பொருட்களும் அனுப்பலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. அப்பாவையோ அண்ணனையோ கண்ணெதிரே இழந்த பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், அந்தப் பிள்ளையைப் பேசவைக்கத் தெரிய வேண்டும். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு வேலை செய்தவர்களும் ஆசிரியர்களுக்கே உளவளத்துணை (மனநல ஆலோசனை)ப் பயிற்சி கொடுத்தார்கள். அன்று குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று பெற்றோர் ஆகிவிட்டார்கள், ஆனாலும் அந்தப் பயிற்சியின் தேவை தீரவில்லை. அதற்குப் பணம் கொடுத்தால் யாரும் கல்வெட்டு வைக்க மாட்டார்கள். இருந்தாலும் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

அப்புறம், கடல் தாண்டாமலே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. திருமயத்தை அடுத்த லேணா விளக்கில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்கிறோம். 1991க்குப் பிறகு சில ஆண்டுகள் முகாம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டது. அந்தத் தடையையும் தாண்டி ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகளின் துணையோடு முகாம்களில் பட்டதாரிகள் உருவானார்கள். குடியுரிமை இல்லாததால் அவர்களுக்கு இங்கே அரசு வேலை கிடையாது. பெயின்ட் அடிக்கும் பட்டதாரியை நான் பார்த்திருக்கிறேன். இவர்களில் ஊர் திரும்ப நினைக்கிறவர்களுக்கு பி.எட். படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். காரைக்குடியில் அதற்கான கல்லூரியும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. சான்றிதழ்களுக்கு மேலொப்பம் வாங்கவும், இலங்கையின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் பட்டத்துக்கு அங்கீகாரம் பெறவும் அலைய ஒரு ஆளை நியமியுங்கள். திரும்பிப் போன குடும்பங்களின் பிள்ளைகள் பிறப்புச் சான்றிதழுக்காகவும் பள்ளி மாற்றத்துக்காகவும் மாதக்கணக்கில் அலுவலகப் படியேறுகிறார்கள். அந்த வேலையையும் அதே ஆள் பார்க்கட்டும்.

அடுத்த செயற்குழுவில் கட்டட வரைபடம் வரும்போது, அதோடு சேர்த்து மூன்று விவரம் கேளுங்கள்: அந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, இருக்கிறவர் எங்கே தங்குகிறார், தொண்டராக இருப்பவருக்கு மாதம் என்ன கிடைக்கிறது. அதிபரிடம் (அங்கே தலைமையாசிரியரை அப்படித்தான் சொல்வார்கள்) கேட்டால் ஒரே நாளில் சொல்லிவிடுவார். அந்தப் பதிலைப் பார்த்தபின் பட்ஜெட் போடுங்கள். கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். என்னைப்போல் ஓய்வு பெற்ற இன்னும் சிலரையும் அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
காரைக்குடிப் பக்கத்து ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்