இன்னும் பதிவாகாத பாட்டுக்கு ஒரு சீட்டு

மத்ரித்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மற்றக் கண்ணையும் தள்ளிப்போடாமல் பார்த்துவிடு.

இங்கே என்ன பாட்டுக் கேட்கிறாய் என்று கேட்டிருந்தாய். சில மாதங்களாக ஒரே குழுதான்: எக்ஸ்த்ரெமோதூரோ என்ற ஸ்பெயின் நாட்டு ராக் குழு. அதைத் தொடங்கிய ரோபே இனியெஸ்தா 2025 டிசம்பர் 10 அன்று, 63 வயதில் காலமானார். அன்று என்னோடு வேலை செய்யும் பிளாசென்சியா ஊர்க்காரர் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. ரோபேயும் அந்த ஊர்தான்.

போர்ச்சுகல் எல்லையை ஒட்டிய எக்ஸ்த்ரெமதூராவில் இருக்கிறது பிளாசென்சியா. பிழைப்புத் தேடி மத்ரித்துக்கும் ஜெர்மனிக்கும் சனம் கிளம்பிப்போன வறண்ட சீமை அது. அந்தச் சீமையின் பெயரிலேயே 'கடினம்' என்ற சொல்லை ஏற்றித்தான் 1987இல் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். தங்கள் இசையை 'மீறல் ராக்' என்று அழைத்துக்கொண்டார்கள்.

பாட்டைப் பதிவு செய்யக் கையில் காசில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளுக்கு 1,000 பெசேத்தா (ஸ்பெயினின் பழைய நாணயம்) என்று 250 சீட்டுகளை விற்றார்கள். வாங்கியவர்கள் கையில் இருந்தது வெறும் காகிதம்; பாட்டு இன்னும் பிறக்கவே இல்லை. அந்தப் பணத்தில்தான் 1989இல் முதல் பதிவு நடந்தது. நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு முதல் இதழ் வருவதற்கு முன்பே தெருத்தெருவாகப் போய்ச் சந்தா வாங்கினோமே, அது நினைவுக்கு வந்தது. அந்த 250 பேரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ரோபேயின் வரிகளில் சாக்கடையும் நிலவும் ஒரே மூச்சில் வரும். கெட்ட வார்த்தை ஒன்று வந்து விழும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஒரு காதல் வரி வரும். மனோலோ சினாத்தோ என்ற மலைக் கிராமத்துக் கவிஞரின் கவிதையையும் கிதார் இரைச்சலுக்குள் கொண்டுவந்து வைத்தார். முதல் தொகுப்பிலேயே சொந்தச் சீமையைத் திட்டி ஒரு பாட்டு உண்டு. 2014இல் அதே சீமை அவர்களுக்குப் பதக்கம் கொடுத்தது. திட்டியது பாசத்தால்தான் என்று ஊர் புரிந்துகொண்டதாகவே நான் நினைக்கிறேன்.

1996இல் வந்த 'அஹிலா' என்ற தொகுப்பு அவர்களை நாடறிய வைத்தது. கிதார் கலைஞர் இன்யாகி அந்தோனின் கை அதில் நன்றாகத் தெரியும். ஆனால் எனக்கு உயிர் 2008இல் வந்த 'லா லெய் இன்னாத்தா'. ஆறு பகுதிகளாக ஓடும் ஒரே பாட்டு அது. முரட்டுக் கிதார் ஓய்ந்த இடத்தில் வயலின் எழும்பும்போது ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

2019 டிசம்பரில் பிரிவை அறிவித்தார்கள். 2020இல் கடைசிச் சுற்றுப்பயணம் என்று சொல்லி டிக்கெட்டும் விற்றாயிற்று. கொரோனா வந்தது, பயணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், நடக்காமலே போய்விட்டது. பிறக்காத பாட்டுக்குச் சீட்டு வாங்கியவர்களுக்குப் பாட்டு கிடைத்தது. விடைபெற வந்தவர்களுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அது ஆறவே இல்லை.

போன வாரம் அந்தப் பிளாசென்சியா நண்பர் என்னைத் தன் காரில் வீட்டில் இறக்கிவிட வந்தார். 'பெத்ரா' ஓடிக்கொண்டிருந்தது, 1995இல் வந்த இசைத்தட்டு, முழுவதும் ஒரே பாட்டு, 29 நிமிடம். வாசலுக்கு வந்தும் அவர் சாவியைத் திருப்பவில்லை. கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சுக்காற்றில் மங்கிப்போயிருந்தது. ஸ்டீயரிங் மேல் அவர் விரல் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கடைசி ஒலி அடங்கிய பிறகுதான் எனக்குக் கதவைத் திறக்கத் தோன்றியது.

அதை உனக்கு அனுப்புகிறேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு, அரை மணி நேரம் ஒதுக்கிக் கேள். கேட்டுவிட்டு எழுது.

உன்,
ரவி