அக்காவுக்கு, வீட்டை விற்ற பிறகு

அக்கா,

வெள்ளிக்கிழமை நொத்தாரிசு முன்னால் வீட்டை விற்கும் அறுதி உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். நீங்கள் முன்பு அனுப்பிய அற்றோணித் தத்துவப் பத்திரத்தைக் காட்டி உங்கள் பங்குக்கும் நானே வைத்தேன். நாளை மறுநாள் அம்மாவின் ஆட்டைத் திவசம். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். தொலைபேசியில் என்றால் நான் கத்துவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள்.

எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அக்காவுக்குத் தெரியாமல் விற்றுவிட்டான் என்று எங்கள் ஊர் முள்ளியவளையில் கதை வந்துவிட்டது. முதுசத்தை, பரம்பரைச் சொத்தை, விற்பதென்றால் முதலில் பங்காளியைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டமான தேசவழமை. கேட்டேன். தை மாதம் ஏழு நிமிடக் குரல்பதிவு அனுப்பினேன். நீங்கள் கேட்டதற்கு அடையாளமாக நீலச் சரியும் விழுந்தது. வைகாசி வரை பதில் இல்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது என் பிழை, மன்னியுங்கள். ஆனால் நாலு மாதம் ஒரு சொல் பேசாமல் இருந்ததற்கு என்ன பெயர், அக்கா?

வாங்கியவரைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். விலையையும் எழுத மாட்டேன். உங்கள் பாதி தனியாக வங்கியில் கிடக்கிறது.

கையெழுத்து வைக்கும்போது எனக்கு வீடு நினைவில் வரவில்லை. கதவுதான் வந்தது.

2008 மார்கழி. சண்டை நெருங்கிவர ஊரை விட்டு வெளிக்கிடுகிறோம். கேற்றடியில் உழவு இயந்திரம் நிற்கிறது. மற்றவர்கள் கூரை ஓட்டையும் தீராந்தி மரத்தையும் கழற்றி ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஐயா எதையும் தொட விடவில்லை. பூட்டன் 1926இல் யாழ்ப்பாணத்துத் தச்சர்களைக் கூப்பிட்டு, ஒன்றரை வருசம் வீட்டோடு தங்கவைத்துச் சாப்பாடு போட்டுச் செய்வித்த முதிரை மரக் கதவு. "கதவில்லாத வீட்டுக்கை நாய்தான் போகும்" என்றார் ஐயா. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் கோடிப்பக்கம் போய் இரும்பு அலவாங்கை எடுத்து வந்தீர்கள். பிணைச்சல் இல்லாத குடுமிக் கதவு அது. குழிக்கல்லில் இருந்து நேரே மேலே கிளப்பினால்தான் வரும். உங்களுக்கு 19 வயது, எனக்கு 14. நீங்கள் நெம்ப, நான் தோள் கொடுத்தேன். கதவு கிளம்பியபோது ஒரு சத்தம் வந்தது, பசு கன்றைத் தேடிக் கத்துகிற மாதிரி. ஐயா நாற்சாரின் தூணைப் பிடித்தபடி முற்றத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் என் காதுக்குள் சொன்னீர்கள்: "கதவு எங்களோடை இருந்தா நாங்கள் திரும்பி வரலாமடா."

அப்புறம் அந்தக் கதவு சண்டைக்குள் மாத்தளனில் எங்கள் பங்கருக்கு, அந்தப் பதுங்குகுழிக்கு, மூடியாகக் கிடந்தது. மேலே மண்மூட்டை. நாங்கள் இருவரும் இன்று உயிரோடு இருப்பதற்கு அந்த முதிரையும் ஒரு காரணம். ஐயா ஏன் அன்று உள்ளே இல்லை என்பதை இங்கே எழுத முடியாது.

நாங்கள் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்த காலத்தில் வீட்டில் யார் இருந்தார்கள் என்பதையும் எழுத முடியாது. திரும்பிப் போனபோது ஓடில்லை, மரமில்லை, சுவர் வெடிப்பில் ஆலங்கன்று. அதையெல்லாம் நீங்கள் படத்தில்தான் பார்த்தீர்கள். 5.5 லட்சம் ரூபாய் இந்திய வீட்டுத்திட்டத்தில் பின்வளவில் கட்டிய சின்ன வீட்டில் இருந்துகொண்டு, கூரையில்லாத அந்தப் பெரிய வீட்டை அம்மாவும் நானும் தினமும் பார்த்தோம். பொழுதுபட்டதும் அம்மா அதன் விறாந்தையில் விளக்கு வைப்பா. மழையென்றால் குடையோடு போவா.

திருத்தப் பார்க்காமல் இல்லை. சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே நின்று பொருக்குப் பொருக்காகக் கழலும் என்று பழைய மேசன் ஒருவர் சொன்னார். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். முதிரை ஏற்றிவரப் பெர்மிட் வேண்டும். கூரைக்கு மட்டும் அவர் சொன்ன தொகையை உங்களுக்கு அனுப்பினேன். "பாப்பம்" என்று எழுதினீர்கள். வீட்டை விற்காதே என்று கனடாவில் இருந்து சொல்வது சுலபம். அம்மாவின் செத்தவீட்டுக்கு லீவு கிடைக்கவில்லை என்றீர்கள், நான் ஒன்றும் கேட்கவில்லை. கதவைக் கழற்றியது நீங்கள், அக்கா. நான் விற்றது சுவரைத்தான்.

இதை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். அன்று நீங்கள் அலவாங்கை எடுக்காமல் விட்டிருந்தால் இதை எழுத நான் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பழைய மாதிரியே திருத்தித் தங்குவிடுதி ஆக்கப் போகிறார்களாம். தூண்களை இடிக்க மாட்டோம் என்றார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்துக்கொண்டு காட்டு விநாயகர் கோயிலுக்குப் போகிறபோது அந்த வாசலில் நிறைகுடம் வைக்க வேண்டும் என்று. தலையாட்டினார்கள். உறுதியில் அது இல்லை.

சின்ன வீட்டையும் ஆடிக்குள் விட வேண்டும். சாமான்கள் கட்டுகிறேன். அம்மாவின் தையல் மெசின் இருக்கிறது, உங்கள் சாமத்தியச் சடங்குச் சட்டையைத் தைத்த அதே மெசின். வேண்டுமென்றால் கப்பலில் போடுகிறேன். வேண்டாம் என்றாலும் ஒரு சொல் எழுதுங்கள். இந்த முறை நானாக எதையும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தம்பி