அறுந்த மாலைகளுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மணிமாலை கோத்து வீட்டிலிருந்தபடியே வருமானம் ஈட்டும் பெண்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. இதே வேலையை ஒன்பது ஆண்டுகளாகச் செய்துவரும் எனக்கு அதில் ஒரு குறை பட்டது. அத்தனை படங்களில் அறுந்த மாலை ஒன்றுகூட இல்லை. கெட்டுப்போன வேலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்கள் முதல் மாலை அறுந்ததுமே, தங்களுக்குக் கைவேலை வராது என்று முடிவுகட்டிக் குறடை எடுத்து வைத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் விலைக்குக் கொடுத்த மாலை, கல்யாண மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது அறுந்தது. 8 மில்லிமீட்டர் கண்ணாடி மணிகள் 50 கோத்த 16 அங்குல மாலை அது. வாழையிலைகளுக்கு அடியில் குனிந்து தேடியதில் 43 மணிகள் கிடைத்தன. வாங்கியவர் என் ஓரகத்தியின் தங்கை என்பதால் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அதற்கு ஈடாக, ஒவ்வொரு விசேஷத்திலும் அந்தக் கதையை மறக்காமல் சொல்லிவருகிறார். வீட்டுக்கு வந்ததும், மணிகளைக் கோத்திருந்த கியர் வயரின் மீதியைக் குப்பையில் போடப் போனேன். மோட்டார் வைண்டிங் வேலை செய்யும் என் கணவர் அதை வாங்கி, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, முனையைப் பார்க்கச் சொன்னார். கத்தியால் நறுக்கியதுபோல் அது தட்டையாக இருந்தது. கொக்கியைப் பிணைப்பதற்காக மாட்டும் கியர் லாக் என்ற சின்ன உலோகக் குழலை, பல் வைத்த சாதாரணக் குறடால் நான் நெரித்த நெரிப்பில், கியர் வயருக்குள் இருக்கும் மெல்லிய எஃகு இழைகள் பாதிக்குமேல் வெட்டுப்பட்டிருக்கின்றன; மிச்சம் இருந்தவை பந்தி வரைக்கும் தாங்கியிருக்கின்றன.

அன்றிலிருந்து எந்த மாலை அறுந்து வந்தாலும் முதலில் முனையைத்தான் பார்க்கிறேன். நைலான் நூலின் முனை பஞ்சுபோல் பிரிந்திருந்தால், மணித்துளையின் கூரான விளிம்பு அதை நாள்பட அராவியிருக்கிறது என்று பொருள். வயர் முழுதாக இருந்து லாக் மட்டும் கழன்று வந்திருந்தால் நெரித்தது போதவில்லை. தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் நெரித்தது அதிகம். முத்துமாலையில் ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சுப் போடுவது அழகுக்காக என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். முத்துகள் ஒன்றோடொன்று உரசித் தேயாமலும், நூல் அறுந்தாலும் எல்லாம் கொட்டிவிடாமலும் அந்த முடிச்சுதான் காக்கிறது என்பது முடிச்சில்லாமல் கோத்த ஒரு மாலை கொட்டிய பிறகே உறைத்தது.

அறுந்தால்தான் கெட்டது என்றும் இல்லை. 12 மில்லிமீட்டர் மணிகளை வைத்து, மேசைமேல் அங்குல நாடாவால் சரியாக 16 அங்குலம் அளந்து ஒரு மாலை செய்தேன். போட்டுப் பார்த்தவருக்கோ கழுத்தை இறுக்கியது. நூல் மணியின் நடுவில் ஓடுகிறது, கழுத்தில் படுவது மணியின் உட்பக்கம். ஆகவே மணியின் குறுக்களவை 3.14-ஆல் பெருக்கினால் வரும் அளவு, மொத்த நீளத்தில் கழுத்துக்குக் கிடைக்காமல் போகிறது. 12 மில்லிமீட்டர் மணிக்கு அது ஏறக்குறைய 38 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலம். பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட வட்டத்தின் சுற்றளவு என் பிழைப்புக்கு உதவியது அப்போதுதான். இப்போது மணியின் பருமனைக் கேட்காமல் மாலையின் நீளத்தை நான் முடிவு செய்வதில்லை.

கெட்ட வேலை எல்லாமே எதையாவது கற்றுக்கொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். பவழம் என்று நம்பி, சாயம் ஏற்றிய மலிவான மணிகளை வாங்கிக் கோத்து, அந்தச் சிவப்பு வேர்வையில் இறங்கி ஒருவரின் சந்தன நிற ரவிக்கையைப் பாழாக்கிய கதையும் எனக்கு உண்டு. ஈரப் பஞ்சால் ஒரு மணியைத் துடைத்துப் பார்த்திருந்தாலே அது தெரிந்திருக்கும்; விலையைக் கேட்டபோதே தெரிந்திருக்க வேண்டும். அதில் எனக்கு மிஞ்சியது புது ரவிக்கைத் துணி வாங்கிக் கொடுத்த செலவு மட்டுமே.

எங்கள் பகுதியில் நடக்கும் ஒருநாள் பயிற்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அளந்து வெட்டிய வயர், எண்ணிப் போட்ட மணிகள், ஏற்கெனவே ஒரு முனையில் கொக்கி மாட்டிய நிலை என எல்லாம் ஒரு பையில் தயாராகக் கொடுக்கப்படுகின்றன. தவறு செய்யவே வழியில்லாததால் சாயங்காலம் எல்லாரும் அழகான ஒரு மாலையோடு வீடு திரும்புகிறார்கள். மறுவாரம் தாங்களே பொருள் வாங்கிச் செய்யும்போது எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கத் தெரியாமல் திகைக்கிறார்கள். இன்னும் ஒரு நாள் சேர்த்து, செய்த மாலையில் அரைக் கிலோ படிக்கல்லைக் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டு, காலையில் அறுந்ததை எடுத்து ஏன் அறுந்தது என்று பேசவைத்தால், பயிற்சிக்குக் கொடுத்த காசு வீணாகாது.

ஈரோட்டுக்காரி என்பதால் இதையும் எழுதத் தோன்றுகிறது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் கிடைத்த கல்மணிகளில், மெருகேறி முடிந்தவற்றோடு பாதி வேலையில் நின்றவையும் இருந்தன. முடிந்த மணிகள் மட்டுமே கிடைத்திருந்தால் அவை வேறெங்கிருந்தோ வாங்கி வந்தவை என்று எண்ண இடமிருந்திருக்கும். செய்து முடிக்காமல் விட்டவையும் கூடக் கிடைத்ததால்தான், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊரில் மணித்தொழில் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

என்னிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அறுந்தவை, இறுகியவை, சாயம் போனவை எல்லாவற்றையும் தேதியும் காரணமும் எழுதிய சீட்டோடு அதில் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று சீட்டுகளில் காரணம் இன்னும் எழுதப்படவில்லை. தங்கள் இணைப்பில் கைவேலை பற்றி அடுத்த கட்டுரை வெளியிடும்போது, அழகிய மாலைகளின் படங்களுக்குப் பக்கத்தில் இவற்றில் இரண்டொன்றையும் அச்சிட முடியுமானால், டப்பாவை அப்படியே கொடுத்தனுப்பச் சித்தமாக இருக்கிறேன். ஓரகத்தியின் தங்கையுடைய வயர் மட்டும் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈரோடு.