துணிக்கொடிக்குப் போகும் வழி

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம், ஒருவரைத் தவிர. ஆறு மாதமாக நான் பதில் போடாததற்கான கோபத்தை அடுத்த கடிதத்தில் காட்டு. இப்போது அவசரம். நீ அனுப்பிய தோட்டப் பாதை வரைபடத்தைப் பார்த்தேன். கல்லுக்கு முன்பணம் கொடுத்துவிடாதே.

போன மழையில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் முறிவு. தேறிவருகிறாள். விழுந்தது நான் ஆசையாகப் போட்ட அந்தப் பளபளப்பான கருங்கல் பாதையில்தான். "முகம் தெரிகிறதடா" என்று நீ மெச்சினாயே, அதே கல். நனைந்தால் அதில் கால் நிற்காது.

அதைப் பெயர்த்தெடுத்த அன்றுதான் கவனித்தேன். நாலடி தள்ளிப் புல்லில் இன்னொரு தடம். சமையலறைக் கதவிலிருந்து துணிக்கொடி வரை, மண் தெரியத் தேய்ந்து, லேசாக வளைந்து கிடந்தது. அம்மா இத்தனை வருடமும் அதில்தான் நடந்திருக்கிறாள். விழுந்த அன்று அது சேறாக இருந்ததால் மட்டுமே கல்மேல் ஏறியிருக்கிறாள். அந்தத் தடத்தின் முன் வெகுநேரம் நின்றேன்.

புதுப் பாதை அதன் மேலேயே போகிறது. உன் வரைபடத்திலோ எல்லாம் அடிக்கோல் வைத்த நேர்கோடு! அந்த ஜியோமிதிப் பெட்டியை இன்னும் விடவில்லையா நீ? ஒரு வாரம் பொறு. வீட்டில் இருப்பவர்கள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று பார்த்து, அதில் கயிறு போட்டுக் குறித்துக்கொள். ஒருவர் வாளியோடு நடக்க 3 அடி அகலம் போதும். நான் 4 அடி வைத்தேன், அம்மாவின் கையைப் பிடித்தபடி கூடவே நடப்பதற்காக.

அடித்தளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 7 அங்குலம் தோண்டி, 4 அங்குலத்துக்கு ஜல்லி நிரப்பித் திமிசுக்கட்டையால் நன்றாக இடிக்கச் சொல். மேலே ஓர் அங்குலம் மணல், அதன்மேல் 60 மில்லிமீட்டர் கனமுள்ள சொரசொரப்பான சிமென்ட் கல். ஓரக்கல்லை இறுக்கிப் பதிக்காவிட்டால் மற்ற கற்கள் மெல்ல விலகிவிடும். தண்ணீர் வடிவதற்கான வாட்டம், அதாவது சரிவு, வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக இருக்கட்டும். 4 அடிக்கு ஓர் அங்குலம் சரியாக இருக்கும். எங்கள் கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகும் ஒரு குவளைத் தண்ணீரைக் கவிழ்த்து, அது ஓடி மறையும் வரை குந்தியிருந்து பார்த்தார். அப்படிப்பட்ட ஆளாகத் தேடு.

வெறும் கூழாங்கல் போதும் என்கிறானாம் உன் பெரியவன். பார்க்க அழகுதான். ஆனால் உன் மாமாவின் கைத்தடி அதில் புதையும். நாளை சக்கர நாற்காலி வந்தால் உருளவே உருளாது. இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

நேற்று மழை விட்டதும் அம்மா வெறுங்காலோடு இறங்கினாள். முதல் கல்லில் பாதத்தை இரண்டு முறை தேய்த்துப் பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, நனைந்த துணிகளை எடுக்கப் போய்விட்டாள்.

நீ வாங்க நினைக்கும் கல்லில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, தண்ணீர் ஊற்றி, வெறுங்காலை வைத்துப் பார். பார்த்துவிட்டு உடனே எழுது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்