கூரையை முதலில் போட்டுத் தாருங்கள்

நகர சபைத் தவிசாளர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பழைய தியேட்டர் காணியில் வாகனத் தரிப்பிடம் கட்டுவதற்குக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரும் அறிவித்தலைப் பார்த்தோம். "கட்டடம் பாழடைந்துள்ளதால்" என்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். அது எப்படிப் பாழடைந்தது என்பது உங்களுக்கே தெரியும். திருத்தப்போவதாகச் சொல்லிக் கூரைத் தகரங்களைக் கழற்றியது சபைதான். அவை திரும்பி வரவில்லை, மழை வந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் ஊருக்குத் தீ வைக்க வந்தவர்கள்கூட அந்தக் கூரையை விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: கூரையைப் போட்டுத் தாருங்கள்.

தியேட்டருக்குக் கூரை இல்லாததால், தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் பழகும் பிள்ளைகள் இப்போது கோயில் மண்டபத்தில் பழகுகிறார்கள். பூசை தொடங்கினால் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போக வேண்டும். அங்கே தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் நிற்பவன் பேசும் வசனமே கேட்காது. கொழுந்து நிறுக்க ஆட்கள் வந்தால் அங்கிருந்தும் கிளம்ப வேண்டும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட தோட்டத்து மேல் டிவிஷன் பிள்ளைகள் இருட்டில் தேயிலை மலை வழியே நடக்கிறார்கள். பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் மறுக்கிறார்கள். இம்முறை அரிச்சந்திரன் நாடகத்தில் சந்திரமதியாக நிற்பது ஒரு பையன். பாட்டன் காலத்துக்கே திரும்பிவிட்டோம்.

உங்கள் பெற்றோரும் அந்தத் தியேட்டரின் கலரியில் உட்கார்ந்தவர்கள்தாம். 1948இல் இலங்கைப் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, வாக்குச்சாவடிக்குள் போக முடியாமற்போன தோட்டச் சனம், டிக்கெட் வாங்கினால் தலைநிமிர்ந்து நுழையக்கூடிய இடமாக அது இருந்தது. அரைப் பேரோடு, அதாவது அரைநாள் சம்பளத்தோடு, மலையிலிருந்து இறங்கி மெட்னி எனும் பகல் காட்சிக்கு ஓடுவார்கள். எம்.ஜி.ஆர். படம் என்றால் கேட்கவே வேண்டாம், கண்டியில் பிறந்தவராயிற்றே! வி. பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' படத்தைத் தந்தபோது, தோட்டத் தொழிலாளி தன் வாழ்க்கையைத் திரையில் பார்த்ததும் அங்கேதான்.

"அதற்கு வரலாற்றுப் பெறுமதி இல்லை" என்று உறுப்பினர் ஒருவர் சொன்னாராம். அவரைக் குறை சொல்வானேன்? 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதைத்தான் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னம் என்கிறது. எங்கள் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்ததோ அதற்குப் பிறகு. ஆக, குடியிருக்கும் லயன் வீடும் எங்களுடையதல்ல, வரலாறும் எங்களுடையதல்ல! பிற்காலக் கட்டடங்களையும் பாதுகாக்க அதே சட்டத்தில் வழியுண்டு என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும். எங்கள் முன்னோர் வந்து இருநூறு ஆண்டு என்று 2023இல் 'மலையகம் 200' எனும் பெயரில் ஊர் ஊராக மேடை போட்டு மாலை வாங்கிக்கொண்டவர்களும் இந்த மேடை நனைவதைப் பார்க்க வரவில்லை. வார்த்தை சற்று மிஞ்சிவிட்டது, பொறுத்தருள்க.

கேள்விப்பத்திரத்தை நிறுத்திவைத்து, வரும் வைகாசி மழைக்கு முன் கூரையைப் போட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தச்சு வேலைக்கும் கூலிக்கும் ஆட்களை நாங்களே தருகிறோம். கழற்றிய தகரங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்பதைச் சபை எழுத்தில் அறியத்தந்தால், போய் ஏற்றிவர லொறியும் தயார்.

இப்படிக்கு,
நகர, தோட்ட நாடகக் குழுவினர்